கேட்காமலே வந்த புது கார்டு

பழைய கார்டு பர்ஸில் பத்திரமாக இருக்கிறது. காலாவதியாக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. கணக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனாலும் ஸ்பீடு போஸ்ட்டில் வங்கியிலிருந்து ஓர் உறை வருகிறது. பிரித்தால் புது கார்டு. கூடவே, ‘பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தங்கள் கார்டு மாற்றப்படுகிறது’ என்று ஒரு வரி. என்ன காரணம், எங்கே ஆபத்து என்று எதுவும் இருக்காது. படித்தவுடன் வயிற்றைக் கலக்கும்: யாராவது நம் பணத்தை எடுத்துவிட்டார்களா? கொஞ்ச நேரம் கழித்து அடுத்த சந்தேகம் வரும்: இந்த உறையே மோசடிக்காரன் அனுப்பியதாக இருந்தால்?

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்பதுதான் பதில். இரண்டாவது கேள்விக்கான பதிலை நீங்களே சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன்னால், வங்கி ஏன் இப்படிச் செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

‘நான் எடுக்காத பணம் போயிருக்கிறது’ என்று வேறு வேறு ஊர்களிலிருந்து பத்துப் பேர் புகார் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவு அந்தப் பத்து கார்டுகளின் கடந்த சில மாதக் கணக்கை விரித்துவைத்து, பத்துப் பேரும் கார்டைப் பயன்படுத்திய பொதுவான இடம் எது என்று தேடும். கல்யாணத்தில் சாப்பிட்ட நாலைந்து பேருக்கு வாந்தி வந்தால், யார் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று விசாரித்துக் கடைசியில் பாயசத்தில் வந்து நிற்போம் அல்லவா, அதே முறைதான். அந்தப் பொதுவான இடம் ஒரு ஏ.டி.எம். ஆக இருக்கலாம், நெடுஞ்சாலையோர பெட்ரோல் பங்க்காக இருக்கலாம், ஓர் இணையக் கடையாகவும் இருக்கலாம். இடம் பிடிபட்டதும், அந்தக் காலகட்டத்தில் அங்கே பயன்படுத்தப்பட்ட அத்தனை கார்டுகளையும் பட்டியல் எடுப்பார்கள். பாயசம் சாப்பிட்டு, இதுவரை ஒன்றும் ஆகாதவர்கள்தான் அந்தப் பட்டியலில் அதிகம். உங்கள் வீட்டுக்கு வந்த உறைக்கு இதுவே அநேகமாகக் காரணம்.

எங்குமே பயன்படுத்தாத கார்டுக்கும் மாற்று வருவதுண்டு. கார்டு எண்ணின் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் எந்த வங்கி, எந்த வகைக் கார்டு என்பதைக் குறிப்பவை. கடைசி இலக்கம், முன்னால் உள்ளவற்றைக் கொண்டு கணக்குப் போட்டு வருவது. மிச்சமுள்ள எண்களைக் கணினியால் சரமாரியாகத் தயாரித்து, ஓ.டி.பி. கேட்காத வெளிநாட்டு இணையதளங்களில் சிறு தொகைக்கு முயன்று பார்க்கும் திருட்டுக் கும்பல்கள் இருக்கின்றன. ஒரே வரிசை எண்களில் இப்படித் தட்டிப் பார்ப்பது தெரிந்தால் வங்கி உஷாராகிவிடும். விசா, மாஸ்டர்கார்டு, ரூபே ஆகிய அமைப்புகளிடமிருந்தும் வங்கிகளுக்கு எச்சரிக்கை வரும்.

இப்படி மொத்தமாகக் கார்டுகளை மாற்றுவது நம் நாட்டில் பெரிய அளவில் நடந்தது 2016-ல். யெஸ் வங்கியின் ஏ.டி.எம்.களை இயக்கிவந்த ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் நிறுவனத்தின் கணினிகளில் தீம்பொருள் புகுந்திருந்தது. அந்த ஏ.டி.எம்.களில் பணம் எடுத்தவர்களில் வேறு வங்கிகளின் வாடிக்கையாளர்களும் ஏராளம். கார்டு இங்கே சட்டைப் பையில் இருக்கும்போதே, சீனாவிலும் அமெரிக்காவிலும் அது பயன்படுத்தப்பட்டதாகப் புகார்கள் வந்தன. அக்டோபரில் செய்தி வெளியானபோது, ஆபத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்ட கார்டுகள் 32 லட்சம். ஸ்டேட் வங்கி மட்டும் சுமார் 6 லட்சம் கார்டுகளை முடக்கிப் புதியவை அனுப்பியது. உண்மையில் பணம் போனதாகப் புகார் செய்தவர்கள் எத்தனை பேர்? தேசியக் கொடுப்பனவுக் கழகம் தந்த கணக்குப்படி, 19 வங்கிகளில் 641 பேர். போன தொகை சுமார் 1.3 கோடி ரூபாய். 32 லட்சத்தில் 641 என்றால் ஏறக்குறைய ஐயாயிரத்தில் ஒருவர். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே தெரியாததால்தான் மற்ற எல்லாருக்கும் கார்டு மாறியது.

அப்போது புழக்கத்தில் இருந்த கார்டுகளில் பல, பின்பக்கக் கறுப்புக் காந்தப் பட்டையை மட்டும் நம்பியவை. அந்தப் பட்டையில் இருக்கும் தகவல் மாறவே மாறாது. ஒருமுறை நகலெடுத்துவிட்டால் வேறொரு வெற்று அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். பின் எண்ணும் கிடைத்துவிட்டால் கதை முடிந்தது. சிப் அப்படியில்லை. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிதாக ஒரு ரகசியக் குறியீட்டை அது உருவாக்கும். பழைய குறியீட்டைத் திருடி வைத்திருந்தாலும் அடுத்த முறைக்கு உதவாது. 2018 இறுதிக்குள் எல்லாக் கார்டுகளையும் சிப் கார்டாக மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்திருந்தது. அதனால் இன்று திருட்டின் கவனம் அட்டையை விட்டு எண், காலாவதித் தேதி, சி.வி.வி. ஆகிய மூன்றின் மேல் திரும்பியிருக்கிறது. புது கார்டில் மாறி வருவதும் இந்த மூன்றுதான். உங்கள் வங்கிக் கணக்கு எண் மாறாது. காசோலைப் புத்தகம், சம்பளம், பென்ஷன், கேஸ் மானியம் எதற்கும் பாதிப்பில்லை.

2016 சம்பவத்தில் எனக்கு இன்றும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. கணினியில் தீம்பொருள் புகுந்ததை ஹிட்டாச்சி ஒப்புக்கொண்டது 2017 பிப்ரவரியில். அதற்குள் கார்டு முடங்கி, மாற்று வந்து, எல்லாம் ஓய்ந்திருந்தது. தங்கள் கார்டுக்கு என்ன ஆயிற்று என்பதை மக்கள் பத்திரிகைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். செய்தி வந்த மூன்று வாரத்துக்குள் நவம்பர் 8 வந்தது; 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. புது கார்டு இன்னும் கைக்கு வராதவர் அந்த நாட்களை எப்படி ஓட்டியிருப்பார்? முடக்குவது தப்பில்லை, சில சமயம் அதைத் தவிர வழியில்லை. ஆனால் மாதம் ஒருமுறை பஸ் ஏறி டவுனுக்கு வந்து பென்ஷன் எடுக்கும் பெரியவர், ஏ.டி.எம். திரையில் ‘கார்டு செல்லாது’ என்று பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது கொடுமை.

வேறு வழி இருக்கிறது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2013 நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரை, அமெரிக்காவில் டார்கெட் என்ற கடைச் சங்கிலியிலிருந்து சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் திருடப்பட்டது. கிறிஸ்துமஸுக்குப் பொருள் வாங்கும் நேரம். சேஸ் வங்கி தன் வாடிக்கையாளர்களின் டெபிட் கார்டுகளை ஒரேயடியாக முடக்கவில்லை. புது கார்டு போய்ச் சேரும்வரை ஒரு நாளைக்கு 100 டாலர் ரொக்கம், 300 டாலருக்குக் கொள்முதல் என்று வரம்பு மட்டும் வைத்து, ஞாயிற்றுக்கிழமையும் பல கிளைகளைத் திறந்து வைத்தது. அந்த வரம்புக்கும் அங்கே முணுமுணுப்பு எழுந்தது உண்மை. ஆனாலும் அரிசி, பால் வாங்கப் பணம் இருந்தது. நம் வங்கிகளும் இப்படி யோசிக்க வேண்டும். எங்கே கசிந்தது என்பதையும், விசாரணைக்குக் கெடுதல் வராத அளவுக்கேனும், கடிதத்தில் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாத கடிதம்தான் மோசடிக்காரனுக்கு வசதி. அந்த இடைவெளியில் அவன் தன் கதையைச் சொருகிவிடுவான்.

அந்தக் கதை நமக்குப் புதிதல்ல. “சார், பேங்க் மேனேஜர் பேசுறேன். உங்க ஏ.டி.எம். கார்டு பிளாக் ஆயிடுச்சு. கார்டு மேல இருக்குற பதினாறு நம்பர் சொல்லுங்க” என்று இந்தி கலந்த தமிழில் வரும் அழைப்பைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் குறைவு. உண்மையாகவே கார்டு மாறும் நேரத்தில் அந்த அழைப்பு வந்தால், வழக்கமாக ஏமாறாதவரும் ஏமாறக்கூடும்.

ஆகவே உறை வந்ததும் அதில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கோ, குறுஞ்செய்தியில் வந்த இணைப்புக்கோ போக வேண்டாம். பழைய கார்டின் பின்பக்கம் உள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு நீங்களாகக் கூப்பிடுங்கள், அல்லது கிளைக்கு நேரில் போங்கள். வங்கியின் செயலி உங்கள் போனில் இருந்தால் இன்னும் சுலபம். அதில் கார்டுகள் பகுதியைத் திறந்து, அங்கே தெரியும் கடைசி நான்கு இலக்கமும் கையில் உள்ள கார்டின் கடைசி நான்கும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் உறை வங்கியிலிருந்து வந்ததுதான். உறை ஏற்கெனவே பிரித்து ஒட்டியதுபோல இருந்தால் கார்டை இயக்காமல் வங்கியிடம் சொல்லிவிடுங்கள். ஓ.டி.பி.யைப் போனில் கேட்கும் வங்கி எதுவும் இல்லை. பழைய கார்டை வாங்கிவர வீட்டுக்கு ஆள் அனுப்பும் வங்கியும் இல்லை. பரிவர்த்தனை, சேவை தொடர்பான அழைப்புகளை வங்கிகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தே செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து ‘மேனேஜர்’ பேசினால் துண்டித்துவிடலாம்.

உங்களுக்குத் தொடர்பே இல்லாத வங்கியிலிருந்து கிரெடிட் கார்டு வந்தால் அது வேறு விஷயம். கேட்காமல் கார்டு தருவதை ரிசர்வ் வங்கியின் விதிகள் தடை செய்கின்றன. சம்மதம் இல்லாமல் அதை இயக்கிக் கட்டணம் போட்டால், கட்டணத்தை ரத்து செய்வதோடு அதைப்போல இரு மடங்கு அபராதமும் உங்களுக்குத் தர வேண்டும்.

கார்டு உண்மையானது என்று தெரிந்துவிட்டது. இனி கொஞ்சம் வேலை இருக்கிறது. டெபிட் கார்டானால், பதிவான மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு ஏ.டி.எம்.மிலோ செயலியிலோ புதுப் பின் எண் அமைக்க வேண்டும். அதன்பின் கடையில் வேலை செய்யும் கார்டு, ரயில் டிக்கெட் போடும்போது மறுத்துவிட்டால் பதற வேண்டாம். 2020 ஜனவரியில் வந்த விதிப்படி, புதிதாகவோ மாற்றாகவோ தரும் கார்டு முதலில் உள்நாட்டு ஏ.டி.எம்.மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும். இணையப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு, தொடாமல் காட்டிக் கட்டுவது ஆகிய மூன்றையும் நீங்களாகத்தான் இயக்க வேண்டும். வெளிநாடு போகாதவர் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்தே வைத்திருப்பது நல்லது. ஓ.டி.பி. கேட்காத தளங்களில் முயலும் கும்பலுக்கு அந்த ஒரு பொத்தான் பெரிய தடை.

அதிகம் பேர் கோட்டைவிடுவது தானாகக் கட்டும் பணத்தில்தான். கார்டின் மேல் நிற்கும் ஏற்பாடுகள், அதாவது இன்சூரன்ஸ் பிரீமியம், சினிமா செயலிகளின் சந்தா, மொபைல் பில், ஃபாஸ்டேக் தானியங்கி ரீசார்ஜ் எல்லாம் பழைய கார்டோடு நின்றுபோகக்கூடும். கடைகளின் செயலிகளில் சேமித்து வைத்ததையும் மறுபடி பதிய வேண்டியிருக்கும். சினிமா நின்றால் ஒரு மாலை வீணாகும், அவ்வளவுதான். பிரீமியம் அப்படியல்ல. ஆயுள் காப்பீட்டில் வருடப் பிரீமியத்துக்கு 30 நாள், மாதப் பிரீமியத்துக்கு 15 நாள்தான் சலுகைக் காலம். அதற்குள் கட்டாவிட்டால் பாலிசி காலாவதியாகும். ஆகவே பழைய கார்டின் கடந்த ஒரு வருட ஸ்டேட்மென்ட்டை எடுத்து, தானாகப் போன தொகைகளைப் பென்சிலால் வட்டமிட்டு ஒவ்வொன்றாக மாற்றிவிடுங்கள். கணக்கிலிருந்தே நேரடியாகப் பிடிக்கப்படும் வீட்டுக்கடன் தவணைக்கு இந்தக் கவலை இல்லை.

ஜிபே, போன்பே வழக்கம்போல ஓடும், யு.பி.ஐ. கார்டோடு அல்ல, கணக்கோடு இணைந்தது. பின்னாளில் யு.பி.ஐ. பின் எண் மறந்து மாற்ற நேர்ந்தால் மட்டும், புது டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும் கேட்கும். அதனால் வந்த கார்டைப் பிரிக்காமல் பீரோவில் போட்டு மறந்துவிட வேண்டாம்.

பழைய கார்டை சிப்பும் காந்தப் பட்டையும் துண்டாகும்படி வெட்டிப் போடுங்கள். ஆனால் அதன் ஸ்டேட்மென்ட்டை இன்னும் சில மாதம் கவனித்துக்கொண்டிருங்கள். முக்கியமாக ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று போன தொகைகளை. எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத் திருடர்கள் முதலில் எடுப்பது அதுதான். நீங்கள் செய்யாத பரிவர்த்தனை எது கண்ணில் பட்டாலும் அன்றைக்கே வங்கிக்குச் சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்; 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் பதியலாம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, உங்கள் தரப்பிலும் வங்கியின் தரப்பிலும் தவறில்லாமல் வேறெங்கோ தகவல் கசிந்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் இழப்பு உங்களுடையதல்ல. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் ஆகிவிட்டால், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழலாம். சொன்ன நாளிலிருந்து பத்து வேலை நாட்களுக்குள் தொகையை வங்கி கணக்கில் திரும்ப வைக்க வேண்டும். தப்பு உங்களுடையது என்று வங்கி சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையதுதான். 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.