உயர்த்திய வண்டியும் பெரிய டயரும்

சிங்கப்பூரின் வடகோடியில், ஜொகூர் நீரிணையைப் பார்த்தவாறு அமைந்திருப்பது செம்பவாங் வட்டாரம். அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இவ்வட்டாரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்மரத் தோட்டங்களாக இருந்தது என்றால் இளைய தலைமுறையினர் நம்பத் தயங்குவர். புக்கிட் செம்பவாங் என்பது இன்று வீடுகள் கட்டி விற்கும் நிறுவனம் ஒன்றின் பெயராக அறியப்படுகிறது; முதலில் அது ஒரு ரப்பர்க் கம்பெனியின் பெயராகும். பின்னர் ஆங்கிலேயரின் கடற்படைத் தளம் அங்கு எழுந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் தாங்கிய கப்பல் பழுதுபார்க்கும் துறை 1938 பிப்ரவரி 14ஆம் நாள் திறக்கப்பட்டது. தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராய் அத்தளத்தில் வேலை பார்த்தனர். காலப்போக்கில் பால்மரங்கள் மறைந்தன. செம்மண் பாதைகள் தார்ச் சாலைகளாயின.

அத்தகைய தார்ச் சாலைகளில் இப்பொழுது ஒரு வகைப் பிக்கப் வண்டியைக் காணலாம். அதன் உடல் வழக்கத்தைவிட ஒரு சாண் உயர்ந்தாற்போலத் தோன்றும். டயர்கள் பருத்து, ஆழமான பற்களுடன் இருக்கும். விடுமுறை நாள்களில் பாலத்தைக் கடந்து ஜொகூரின் காட்டுப் பாதைகளில் வண்டியோட்டும் அன்பர்கள் அவ்வாறு அமைத்துக்கொள்கின்றனர். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நீரிணைக்கு இப்பால் தோட்டங்களிலோ அதே அமைப்பை வேலைக்காக விரும்புவோர் இருக்கின்றனர். சிறுதோட்டத்திலிருந்து பால் ஏற்றிச் செல்பவரும், காட்டுக்கு ஆள் கொண்டுபோகும் ஓட்டுநரும், “வண்டியைச் சற்று உயர்த்திப் பெரிய டயர் போட்டால் மழைக்காலத்தில் சேற்றில் மாட்டாதன்றோ?” என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்து செல்பவரும் விடையை அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில் தவறு நேர்ந்தால் முதலில் தூக்கி எறியப்படுபவர் அவரே.

எது உயர்கிறது?

பலர் நினைப்பதற்கு மாறான செய்தி ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றியோ, அதன்மேல் துண்டு வைத்தோ வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். உயர்வது வண்டியின் சட்டமும் உடலுமே. பின்சக்கரங்களை இணைக்கும் அச்சு, பழைய இடத்திலேயே இருக்கிறது. அவ்வச்சின் நடுவே பானைபோலப் புடைத்து நிற்கும் டிபரன்ஷியல் பெட்டிதான் பெரும்பாலும் பாதையின் நடுமேட்டில் தட்டுவது. வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் அப்பெட்டி ஒரு நூலளவும் உயராது. அதனை உயர்த்தக்கூடியது டயர் ஒன்றே.

டயரும் தன் வளர்ச்சியில் பாதியைத்தான் தருகிறது. அச்சு இருப்பது சக்கரத்தின் நடுவில் அன்றோ? டயரின் குறுக்களவு இரண்டு அங்குலம் கூடினால் அச்சு ஓர் அங்குலமே உயரும். பிறகு எதற்காக வண்டியை உயர்த்துகிறார்கள் எனில், பெரிய டயர் மட்கார்டிலும் சட்டத்திலும் உரசாமல் சுழல்வதற்கு இடம் வேண்டும் என்பதற்காகவே. வண்டியின் வயிற்றுப்பகுதி உயர்வதும், மேடேறும்போது முன்பகுதி இடியாதிருப்பதும் கூடுதல் பயன்கள்.

டயரின் பக்கத்தில் எழுதப்பட்டுள்ள எண்களைப் படிக்கத் தெரிந்தால் இந்தக் கணக்கை எவரும் போடலாம். பல பிக்கப் வண்டிகளில் தொழிற்சாலையிலிருந்தே வரும் அளவு 265/65 R17 என்பதாகும். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு என்பதைக் குறிக்கும். R என்னும் எழுத்து உள்ளிழைகள் ரேடியல் முறையில் அமைந்தவை என்பதைக் காட்டும். 17 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். அகலம் மில்லிமீட்டரிலும் ரிம் அங்குலத்திலும் இருப்பது விந்தைதான்; உலகெங்கும் அவ்வாறே நிலைத்துவிட்டது. இதன்படி பக்கச்சுவர் 172 மி.மீ.; மேலும் கீழுமாக இரண்டு சுவர்களுக்கு 344 மி.மீ.; ரிம் 432 மி.மீ.; ஆக மொத்தம் 776 மி.மீ.

இப்பொழுது கடைக்காரர் 285/70 R17 அளவைக் காட்டுகிறார் எனக் கொள்வோம். அதே முறையில் கணக்கிட்டால் 831 மி.மீ. வருகிறது. வேறுபாடு 55 மி.மீ.; அச்சு உயர்வது 27 மி.மீ., அதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். இந்த ஓர் அங்குலத்துக்காகவே இத்தனை செலவும் என்பதை மனத்தில் இருத்துதல் நன்று. இடைப்பட்ட 265/70 R17 அளவோ 803 மி.மீ. ஆகும்; அச்சு 13 மி.மீ. உயரும். வண்டியை உயர்த்தாமலே பெரும்பாலும் இது பொருந்திவிடும். சாதாரணத் தோட்டப் பாதைக்கு இவ்வளவே போதும் என்பது எமது எண்ணம். பாதையோரக் கானை வெட்டி நீரை வடியவிட்டால் இதுவும் வேண்டியிராத தோட்டங்கள் உண்டு.

வேகமானி சொல்லும் பொய்

பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிகத் தொலைவு ஓடுகிறது. வேகமானியோ பழைய சக்கரத்தின் சுற்றையே கணக்கில் கொண்டிருக்கிறது. மேலே கூறிய 285/70 அளவில் வேறுபாடு நூற்றுக்கு ஏழு. முள் 60 காட்டும்போது மெய்யான வேகம், முன்பு அதே முள்ளுக்கு இருந்ததைவிட ஏழு விழுக்காடு அதிகம். ஏறத்தாழ 64 எனலாம். சிங்கப்பூரில் பின்தட்டில் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் லாரி மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடலாகாது; சாலையின் வரம்பு அதனினும் குறைவாயின் அக்குறைந்த வரம்பே பொருந்தும். வரம்பிற்குள் ஓட்டுவதாக நம்பும் ஓட்டுநர் வரம்பை மீறக்கூடும் என்பது மட்டுமன்று. வேகம் நூற்றுக்கு ஏழு கூடினால், பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தொலைவு நூற்றுக்குப் பதினான்கு கூடுகிறது. பெரிய சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பழைய பிரேக்குக்கு அதிக பலமும் வேண்டும். பட்டறையில் வேகமானியைத் திருத்தி அமைக்க வழியுண்டு. டயர் மாற்றும் அன்றே அதனைச் செய்துவிட வேண்டும்.

எஞ்சினுக்கும் இதே கதைதான். கியர் முழுவதும் ஏழு விழுக்காடு நீண்டுவிட்டாற்போல ஆகிவிடுவதால், பால் டாங்கியுடன் மேடேறும் வண்டி முன்பு இரண்டாம் கியரில் ஏறிய இடத்தில் முதல் கியரைக் கேட்கும். டயரின் எடையும் கூடுவதால் எண்ணெய்ச் செலவு ஏறும்.

கவிழும் ஆபத்து

எல்லாவற்றினும் முக்கியமானது இதுவே. ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால் அப்புள்ளியை எடைமையம் என்பர். அது தாழ்வாக இருக்கும் வண்டி உறுதியாக நிற்கும். இடவலச் சக்கரங்களுக்கு இடையே 1,500 மி.மீ. இருப்பதாகவும், எடைமையம் தரையிலிருந்து 700 மி.மீ. உயரத்தில் இருப்பதாகவும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். அவ்வண்டியை அசையாமல் நிறுத்திப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டே போனால் ஏறத்தாழ 47 பாகையில் கவிழும். ஸ்பிரிங்கினாலும் டயரினாலும் எடைமையம் 70 மி.மீ. உயர்ந்தால் அது 44 பாகையாகக் குறைகிறது. பின்தட்டில் ஆட்களோ உயரமான டாங்கியோ ஏறி, எடைமையம் 950 மி.மீ. ஆயிற்றெனில் 38 பாகைதான்.

இவை காகிதக் கணக்குகள். மெய்யான பாதையில் ஸ்பிரிங் ஒருபுறம் அமுங்கும். மழையில் ஊறிய பாதையோரம் சரியும். வளைவில் வேகம் வெளிப்புறமாகத் தள்ளும். ஆகவே வண்டி இதனினும் வெகு முன்னதாகவே கவிழக்கூடும். பாதி நிரம்பிய டாங்கியில் உள்ள பால் சும்மா இருப்பதில்லை. வளைவில் அது ஒருபுறமாக ஓடிச் சேர்ந்து, எடையையும் அப்புறமே இழுக்கிறது. ஆயிரம் லிட்டர் பால் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ளது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த இழுப்பின் வலிமை விளங்கும். உயர்த்திய வண்டியில் ஆள் ஏற்றுவதாயின் நின்றுகொண்டு செல்ல ஒருவரையும் அனுமதிக்கலாகாது. ஓட்டுநர் அவசரக்காரராயின், “அண்ணே, மெதுவாகப் போங்கள்” என்று சொல்ல வெட்கப்படவும் வேண்டியதில்லை.

பற்களும் இழைகளும்

சேற்றுக்கென்றே செய்யப்பட்ட டயரில் பற்கள் பெரியனவாகவும் இடைவெளி அகன்றும் இருக்கும். சக்கரம் சுழலும்போது சேறு தெறித்து வெளியேறிப் பற்கள் மீண்டும் மண்ணைக் கவ்வுகின்றன. அதே டயர் மழையில் நனைந்த தார்ச் சாலையில் அவ்வளவு நன்றாகப் பிடிப்பதில்லை. தரையைத் தொடும் ரப்பர் குறைவாக இருப்பதே காரணம். செம்பவாங் சாலையில் ஆறு நாள் ஓடி ஏழாம் நாள் காட்டுக்குப் போகும் வண்டிக்கு அது ஏற்றதன்று. தோட்டத்திலும், ஸ்டோருக்கும் பட்டணத்துக்குமாகத் தார்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு இருவகைப் பாதைக்கும் பொதுவாகச் செய்யப்படும் நடுத்தர டயரே மேலானது.

இவ்விடத்தில் நம் தொழிலைப் பற்றியும் ஒரு சொல். டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதும் 1888இல். பால்மரத்தைக் காயப்படுத்தாமல் பால் எடுக்கும் முறையை வகுத்த ரிட்லி சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை ஏற்றதும் அதே 1888இல். இன்றும் உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி டயருக்கே செல்கிறது. சிறிய கார் டயரில் செயற்கை ரப்பர் மிகுதி. பெரும் லாரி, விமானம் ஆகியவற்றின் டயர்களில் இயற்கை ரப்பரே மிகுதி. சுமையில் சூடேறாமலும் கல்லில் கிழியாமலும் தாங்குவதில் மரத்துப் பாலுக்கு நிகராக வேறொன்று இன்னும் முழுமையாக வாய்க்கவில்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அளவுக்குப் பின்னால் 112S என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 112 என்றால் அந்த டயர் ஒன்று 1,120 கிலோ தாங்கும் என்பது பொருள். பழைய டயரில் உள்ள எண்ணுக்குக் குறைந்ததை ஒருபோதும் வாங்கலாகாது. பார்வைக்குப் பெரிதாக இருந்தும் தாங்கும் எடை குறைந்த டயர்கள் சந்தையில் உண்டு.

நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவு வேண்டும். பணம் போதாமல் பின்னால் மட்டும் பெரிய டயர் போடுவோர் உண்டு. நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டியவுடன் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் சுழல முயலும். டயர்களின் அளவு மாறுபட்டால் ஒன்றையொன்று முறுக்கிக் கியர்ப் பெட்டியை நொறுக்கிவிடும். பாதித் தேய்ந்த டயரையும் புதியதையும் கலப்பதும் சிறிய அளவில் இதே தீங்குதான்.

வண்டியை உயர்த்தியபின் முன்சக்கரங்களுக்கு விசை கொடுக்கும் தண்டுகள் முன்னிலும் சாய்வாக நிற்கும். அவற்றின் முனையிலுள்ள ரப்பர் உறைகள் மடிந்து கிழியத் தொடங்கும். உள்ளே மண் புகுந்தால் மூட்டு போய்விடும். இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்தலாகாது என்று பட்டறைக்காரர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம். சக்கரங்களின் நேர்நிலையையும் சரிபார்த்தாக வேண்டும். இல்லையேல் புது டயர் ஒருபக்கமாகத் தேய்ந்துபோகும்.

உரசுகிறதா என்பதை வெறும் வண்டியில் பார்ப்பதால் பயனில்லை. சுமை ஏற்றி, ஒரு முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் ஒடித்துப் பார்க்க வேண்டும்.

சட்டமும் உண்டு. மலேசியாவில் வண்டியின் உயரம் முதலியவற்றை மாற்றுமுன் சாலைப் போக்குவரத்துத் துறையில் விசாரித்து அனுமதி பெறுதல் வேண்டும். சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை அனுமதி வேண்டாதவை, அனுமதி வேண்டுபவை, கூடாதவை என மூவகையாகப் பிரித்துள்ளது. அனுமதியில்லாத மாற்றத்தைக் காட்டி, விபத்துக்குப் பின் காப்பீட்டுக் கம்பெனி பணம் தர மறுத்தால் குடும்பம்தான் தவிக்கும்.

சேற்றில் இறங்குமுன் காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் பரந்து அமர்ந்து நன்றாகப் பிடிக்கும். வழக்கமாக 30 இறாத்தல் வைத்திருப்பவர் வெறும் வண்டியில், மெதுவாகச் செல்லும் வரை, 20 இறாத்தல் அளவுக்கு இறக்கலாம். சுமையோடு இறக்குவது கூடாது. தார்ச் சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் அடைத்துவிட வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். காற்றடிக்கும் பம்பு இல்லாதவர் இம்முறையைக் கையாளாதிருப்பதே நலம்.

புது டயர் பூட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். மாற்றுச் சக்கரமும் அதே பெரிய அளவில் இருத்தல் அவசியம். பின்தட்டின் அடியில் உள்ள பழைய இடத்தில் அது அடங்காவிடின் வேறிடத்தில் கட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். வண்டியோடு வந்த ஜாக், உயர்த்திய வண்டிக்கு எட்டாமலும் போகலாம். வீட்டு வாசலிலேயே ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, எட்டாவிடின் உயரமான ஜாக் ஒன்றையும், சேற்றில் அது புதையாதிருக்க அடியில் வைப்பதற்குக் கனமான பலகை ஒன்றையும் வண்டியில் போட்டுவைக்க வேண்டும்.