ஹன்டர் வீதியில் திறந்த ஷட்டர்கள்

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுக நகரில் ஒரு காலத்தில் கடைவீதி என்றாலே ஹன்டர் வீதிதான். புறநகரில் கார் நிறுத்த வசதியோடு ஷாப்பிங் மால்கள் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. 1989 டிசம்பர் 28 அன்று வந்த நிலநடுக்கம் 13 பேரைப் பலிகொண்டது. நகரின் நடுவே பல கட்டடங்கள் சேதமாயின. 1999-இல் ஊருக்கே சோறு போட்ட பிஎச்பி எஃகு ஆலையும் மூடப்பட்டது. 2008 வாக்கில் நகரின் நடுப்பகுதியில் சுமார் 150 கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன.

வியாபாரம் படுத்துவிட்டால் வாடகை குறையும், புதியவர்கள் வருவார்கள் என்றுதான் நினைப்போம். அப்படி நடப்பதில்லை. வாடகையைக் குறைத்தால் கட்டடத்தின் மதிப்பும் இறங்கும். ஒருவருக்குப் பல ஆண்டுக் குத்தகை எழுதிக் கொடுத்தபின் நல்ல விலைக்கு ஆள் வந்தால் அவரை எழுப்ப முடியாது. ஆகவே, பூட்டியே கிடக்கட்டும் என்று உரிமையாளர்கள் விட்டுவிடுகிறார்கள்.

நியூகாசிலில் பிறந்தவரும் கலைவிழாக்கள் நடத்தியவருமான மார்கஸ் வெஸ்ட்பரி கை வைத்தது இந்த முடிச்சில்தான். 2008-இல் லாபநோக்கமற்ற ‘ரின்யூ நியூகாசில்’ அமைப்பைத் தொடங்கினார். உரிமையாளர்களிடம் அவர் குத்தகை கேட்கவில்லை. தற்காலிகமாகப் பயன்படுத்த அனுமதி மட்டும் கேட்டார். வாடகை தரும் ஆள் வந்தால் 30 நாளில் காலி செய்துவிடலாம். காப்பீட்டுப் பொறுப்பை அமைப்பே ஏற்கும். இழப்பதற்கு எதுவுமில்லை என்று தெரிந்ததும் சாவிகள் கைமாறின.

உள்ளே வந்தவர்கள் நகை செய்பவர்கள், புகைப்படக்காரர்கள், துணி வடிவமைப்பாளர்கள், ஓவியர்கள். அதுவரை பலரும் வீட்டின் மூலையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். கடையைத் தாங்களே கூட்டிப் பெருக்கி, வண்ணம் அடித்தார்கள். மாலில் கிடைக்காத பொருள், அதைச் செய்தவரோடு நின்று பேசி வாங்கும் வாய்ப்பு: வெளியூர்க்காரர் ஒரு வீதிக்குத் திரும்ப வர இதைவிட என்ன வேண்டும்? 2011-இல் பார்க்க வேண்டிய உலகின் பத்து நகரங்களில் ஒன்றாக நியூகாசிலை ‘லோன்லி பிளானட்’ பட்டியலிட்டது.

கடைவீதி நொடித்தால் முதலில் தரையைப் பெயர்த்துப் புதுக் கல் பதிப்பதே பல நகராட்சிகளின் வழக்கம். அமெரிக்காவின் கலமசூ நகரம் 1959-இல் தன் முக்கிய வீதியில் கார்களைத் தடைசெய்து நடைவீதியாக்கியது. கூட்டம் மால்களுக்குப் போவதை அது தடுக்கவில்லை. 1998-இல் அதன் ஒரு பகுதியில் மறுபடி கார்களை விட்டார்கள். நடைவீதி தவறில்லை. ஆனால் நடந்து வருபவர் எட்டிப் பார்க்க ஒரு திறந்த கதவு இருக்க வேண்டுமே!

நியூகாசில் முறையில் ஒரு வலியும் உண்டு. வீதிக்கு உயிர் வந்து வாடகை ஏறியதும், உயிர் கொடுத்தவர்களே முதலில் வெளியேற வேண்டும். சிலர் அதற்குள் தொழிலில் ஊன்றி, வாடகை கொடுத்துக் கடை வைத்தார்கள். எல்லோராலும் அது முடியவில்லை. ரின்யூ நியூகாசில் 2019-இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே, அதன் வழியில் பிறந்த ‘ரின்யூ ஆஸ்திரேலியா’ வேறு நகரங்களில் பூட்டிய கடைகளின் உரிமையாளர்களிடம் இதே அனுமதியைக் கேட்கத் தொடங்கியிருந்தது.