மீன்தொட்டியும் பாசியும்

நீர்ச்செடிகளையும் சிறு மீன்களையும் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர்க்குப் பெருந்தொல்லையாவது பாசியாம். அது இலைமேற் படர்ந்தவிடத்துச் செடிகள் வெளிச்சமின்றி மெலியும். தேய்த்து நீக்கினும் சின்னாளில் மீண்டும் தோன்றும். இவ்வியல்பைப் பழந்தமிழ்ப் புலவர் நன்கறிந்திருந்தனர். குறுந்தொகை 399-ஆம் பாட்டிற் பரணர், காதலர் அருகிருக்க மறைந்து, அவர் பிரியத் திரும்பும் பசலைக்கு, ஊரார் நீருண்ணுந் துறையிலுள்ள பாசியையே உவமையாக்கினார்.

அங்ஙனம் திரும்புதற்குக் காரணம் யாது? பாசிக்கு வேண்டுவன வெளிச்சமும், நீரிற் கரைந்த நைட்ரேட், பாஸ்பேட் முதலிய உப்புகளுமாம். செடிகளுக்கு வேண்டுவனவும் அவையே. கணியூர், அமராவதியாற்றின் பழைய வாய்க்காலாற் பாசனம் பெறும் ஊர். இத்தகைய ஊர்களில், ஓடும் வாய்க்கால் தெளிந்திருப்ப, வயலுரம் கரைந்து தேங்கிய குட்டை வெயிலிற் பச்சையாய் மாறுதலைக் காணலாம். மீன்தொட்டியும் ஒரு தேங்கிய குட்டையே. மீனின் கழிவும், உண்ணாது எஞ்சிய இரையும், அழுகிய இலையும் அதற்கு உரமாகின்றன.

இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன நூலார் இதனை ஆராய்ந்து 1850-இல் வெளியிட்டார். அவர் பொன்மீன்களையும் வாலிஸ்நேரியாச் செடியையும் ஒரு தொட்டியில் வைத்தார். செடி பிராணவாயுவை அளித்தது. ஆயினும் வாடிய இலைகள் அழுகி, நீர் கலங்கிப் பாசி படர்ந்தது. பின்னர்ச் சில நத்தைகளை விடவே, அவை அழுகலையும் பாசியையும் உண்டன, நீர் தெளிந்தது.

இனி நாம் செய்யத்தக்கன கூறுவாம். தொட்டியை வெயில் விழும் ஜன்னலருகே வையாதிருத்தல் வேண்டும். விளக்கொளி நாடோறும் 6 முதல் 8 மணி நேரம் போதும். விரைந்து வளரும் செடிகளைத் தொடக்கத்திலேயே நெருங்க நடுதல் நன்று. இரையைச் சில நிமிடங்களில் மீன்கள் உண்டு தீர்க்குமளவே இடுக. வாடிய இலைகளை உடனே நீக்குக. வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுக. குளோரின் கலந்த குழாய்நீராயின், திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்தபின் வார்த்தல் நலம்.

மயில்துத்தத்தை இட்டுப் பாசியைக் கொல்வாரும் உளர். அது நத்தைகளை மாய்க்கும். மிகின் மீன்களுக்கும் நஞ்சாம். அன்றியும், ஒருங்கே மடிந்த பாசி அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு குறைந்து, மீன்கள் மூச்சுக்கு வாடி நீர்மட்டத்தில் வாய்திறந்து நிற்கும். உரம் நீங்காமையின் பாசியோ மீண்டும் வரும்.

ஆற்றுமீன் நீர் கெட்டால் வேறிடம் நாடும், தொட்டிமீனுக்கு அவ்வழியில்லை. வாயில்லா அவ்வுயிர்களை அடைத்து வைத்தவர் நாமாதலின், பாசி தோன்றியவுடன் மருந்தைத் தேடுமுன், மிகுந்தது வெளிச்சமோ இரையோ என்று ஆராய்தல் நங்கடனாம்.