ஓய்வுக்காலப் பணம் எத்தனை வருடம் வரும்? எக்ஸெல்லில் கணக்கு போடுவோம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், கடிதம் டைப் செய்வார்கள். எக்ஸெல் என்றதும் "அது ஆபீஸ் வேலைக்கு" என்று ஒதுக்கிவிடுவார்கள். உண்மையில் வீட்டுக்கு மிகவும் உபயோகமான சாஃப்ட்வேர் அதுதான். உங்களிடம் எக்ஸெல் இல்லையென்றால், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க் போதும். இரண்டிலும் செய்முறை ஒன்றே.

தனியார் கம்பெனியில் வேலை பார்த்த என் அப்பா 58 வயதில் ஓய்வு பெற்றார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து 30 லட்சம் ரூபாய் வந்தது. சிறிய பென்ஷன் போக, வீட்டுச் செலவுக்கு மாதம் 25,000 ரூபாய் தேவை. "இதில் 10 லட்சத்தை எடுத்து ஒரு கார் வாங்கி, வீட்டையும் புதுப்பிக்கலாமா?" என்று கேட்டார். சாஃப்ட்வேர் எஞ்சினியராக இருந்தாலும் என்னால் வாயால் பதில் சொல்ல முடியவில்லை. ஷீட்டைத் திறந்தேன். நீங்களும் திறந்துகொள்ளுங்கள்.

ஷீட் தயாரிப்பது எப்படி?

முதல் வரிசையில் ஏ1 முதல் டி1 வரை வருடம், தொடக்க இருப்பு, செலவு, இறுதி இருப்பு என்று தலைப்பு கொடுங்கள். ஜி1 செல்லில் வட்டி விகிதமாக 7, ஜி2 செல்லில் விலைவாசி உயர்வாக 6 என்று டைப் செய்யுங்கள். இவை என் அனுமானங்கள், நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

ஏ2 செல்லில் 1, பி2 செல்லில் 3000000, சி2 செல்லில் 300000 (வருடச் செலவு). பிறகு கீழே உள்ள ஃபார்முலாக்களைக் கொடுங்கள். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.

டி2: =(பி2-சி2)*(1+$ஜி$1/100)
ஏ3: =ஏ2+1
பி3: =டி2
சி3: =சி2*(1+$ஜி$2/100)

டி2 செல்லை காப்பி செய்து டி3 செல்லில் பேஸ்ட் செய்யுங்கள். இப்போது ஏ3 முதல் டி3 வரை செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் தெரியும் சிறிய சதுரத்தை மவுசால் பிடித்து 26ஆவது வரிசை வரை இழுங்கள். 25 வருடக் கணக்கு தயார். டி2 செல்லில் 28,89,000, டி3 செல்லில் 27,50,970 என்று வந்தால் ஷீட் சரியாக இருக்கிறது. டாலர் குறி எதற்கு? இழுக்கும்போது ஜி1, ஜி2 முகவரிகள் மாறாமல் இருக்கத்தான்.

கணக்கு சொல்வது என்ன?

11ஆம் வருடத் தொடக்கத்தில் இருப்பு சுமார் 2.42 லட்சம். அந்த வருடச் செலவோ சுமார் 5.37 லட்சம். அதாவது 68 வயதில் பணம் தீர்ந்துவிடும்! ஜி2 செல்லில் 0 கொடுத்துப் பாருங்கள். 15 வருடம் முழுதாக வரும். விலைவாசி சத்தமில்லாமல் ஐந்து வருடத்தைத் தின்றுவிடுகிறது.

மீண்டும் 6 கொடுத்துவிட்டு, வட்டியை 8 ஆக்குங்கள். அப்போதும் 11ஆம் வருடச் செலவுக்குக் கொஞ்சம் துண்டு விழுகிறது. வட்டியைப் பழையபடி 7 ஆக்கி, மாதச் செலவை 20,000 ஆகக் குறைத்தால் (சி2 செல்லில் 240000) 13 வருடம் வருகிறது. அதிக வட்டி என்று யாராவது ஆசை காட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

கடைசியாகச் செலவைப் பழையபடி வைத்து, பி2 செல்லில் 2000000 கொடுத்தேன். ஆறே வருடம்! 64 வயதில் கை காலி. அப்பா திரையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கார் வேண்டாம்டா. சுண்ணாம்பு மட்டும் அடிப்போம்" என்றார். அன்றிலிருந்து வீட்டுச் செலவை அம்மாவே இன்னொரு ஷீட்டில் எழுதி வருகிறார்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. வட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறை கைக்கு வரும். அதன் வட்டி விகிதத்தை அஞ்சலகத்தில் கேட்டு ஜி1 செல்லில் போட்டுப் பாருங்கள். வருமான வரி இருந்தால் அதையும் செலவில் சேர்க்கவும்.

இரண்டாவது ஷீட்

அதே ஃபைலில் இன்னொரு ஷீட் திறந்து வங்கிக் கணக்கு, டெபாசிட், இன்ஷூரன்ஸ், பங்குகள், ஒவ்வொன்றின் நாமினி, பத்திரம் இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதுங்கள். பாஸ்வேர்டு, பின் நம்பர் மட்டும் வேண்டாம். ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டு, ஒரு பிரின்ட் எடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்.

நாமினி என்றால் வாரிசு என்று பலர் நினைக்கிறார்கள். டெபாசிட், பங்குகளில் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். பங்குகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் விருப்பப்படி சொத்து சேர வேண்டுமானால் உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் கட்டாயமில்லை, வெள்ளைத்தாளே போதும். உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் அவசியம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஃபைலை சேவ் செய்ய மறந்துவிடாதீர்கள்!