ஒருவரைச் சுட்டும் பன்மைப் பெயர்: ஆங்கில இலக்கணத்தில் ஒரு வழக்காராய்ச்சி

படிப்பறையில் யாரோ ஒருவர் தம் மூக்குக்கண்ணாடியை மறந்து சென்றுள்ளார். மறந்தவர் ஒருவரே என்பது தெளிவு. ஆணா பெண்ணா என்பது தெரிந்திலது. இச்செய்தியைத் தமிழிற் கூறுவார்க்கு இடர் ஒன்றும் இல்லை. ஆங்கிலத்திற் கூறப் புகுவார்க்கோ 'அவனது', 'அவளது', 'அவரது' என்னும் பொருளுடைய சொற்களுள் எதனைக் கொள்வது என்னும் வினா எழுகின்றது. ஆங்கில மக்கள் பேச்சிற் பெரிதும் பயில்வது மூன்றாவது; பள்ளி இலக்கணங்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் வற்புறுத்தி வந்தது முதலாவது. வழக்கும் இலக்கணமும் இங்ஙனம் முரணியது ஏன் என்பதையும், அம்முரணில் மொழியியல்பு எதன்பால் நிற்கின்றது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

பெயர்களின் அமைப்பு

ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமைச் சுட்டுப்பெயர்கள் மூன்று. 'ஹீ' ஆணையும், 'ஷீ' பெண்ணையும், 'இட்' அஃறிணைப் பொருளையும் சுட்டும். பன்மைக்கு 'தே' என்னும் ஒன்றே உண்டு. அஃது எல்லாவற்றிற்கும் பொது. எனவே, பால் வேறுபாடு ஒருமைக்கண் மட்டுமே நிலவுகின்றது. பன்மைக்கண் அது மறைகின்றது. பால் தோன்றாமல் ஒரு மனிதரைச் சுட்ட விரும்புவார்க்கு ஒருமையில் இடமில்லை. இவ்வமைப்பே சிக்கலுக்கு வேராகும்.

பழைய ஆங்கிலத்தில் நிலை வேறு. ஆண்டுப் பால் என்பது, வடமொழியிற் போல, பொருளைச் சாராது சொல்லைச் சார்ந்து நின்றது. பெண் என்னும் பொருளுடைய 'வீஃப்' என்னும் சொல் அலிப்பாலாகவும், அதே பொருளுடைய 'வீஃப்மன்' ஆண்பாலாகவும் வழங்கின. இச்சொற்பால் தேய்ந்தொழிந்த பின்னரே ஆங்கிலம் தமிழைப்போலப் பொருள் நோக்கிப் பால் கொள்ளும் மொழியாயிற்று. 'தே' என்பதும் ஆங்கிலத்தின் பழஞ்சொல் அன்று. 'ஹீ' முதலிய பழைய சுட்டுப்பெயர்களின் ஒலிகள் பல வட்டாரங்களில் ஒன்றோடொன்று மயங்கியபொழுது, வடபுலத்துக் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்களின் மொழியினின்று கடனாகப் பெறப்பட்டது அது. கடன் பெற்ற சொல் வேரூன்றிச் சில நூற்றாண்டுகள் செல்லுமுன்னரே ஒருவரைச் சுட்டவும் பயின்றமை கருதற்பாலது.

வழக்கின் பழமை

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி இவ்வழக்கிற்கு 1375ஐ ஒட்டிய கதைப்பாடல் ஒன்றிலிருந்து சான்று காட்டுகின்றது. அக்கால அளவினரான சாசர், பின்வந்த ஷேக்ஸ்பியர், 19ஆம் நூற்றாண்டின் ஜேன் ஆஸ்டின் ஆகியோர் நூல்களிலும், 1611இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பிலும் இது பயில்கின்றது. ஆகவே இதனைக் கல்லாதார் பிழை என்று ஒதுக்குதல் பொருந்தாது. சான்றோர் செய்யுளும் உரைநடையும் தழுவிய வழக்கு இஃது என்க.

இலக்கணிகளின் விதி

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு இலக்கணம் வகுத்தோர் இலத்தீனை முன்மாதிரியாகக் கொண்டனர். இரு பாலாரையும் தழுவும் பொதுப்பெயரை ஆண்பாற் பெயராற் சுட்டலாம் என்னும் விதியை அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதியவருள் ஒருவர் ஆன் ஃபிஷர் என்னும் பெண்பாலாசிரியர் என்பது குறிப்பிடத்தக்கது. 1795இல் வெளிவந்து பள்ளிகளிற் பெரும்பரவல் பெற்ற லிண்ட்லி மரேயின் இலக்கணம், ஒருவரை 'தே' என்னும் சொல்லாற் சுட்டுதல் எண் வழு என்று கூறி, 'ஹீ' என்று திருத்துமாறு பணித்தது.

இத்திருத்தம் வழுவை நீக்கியதா என்பதே வினா. ஆணோ பெண்ணோ என்று அறியப்படாத ஒருவரை 'தே' என்றால் எண் வழுவும். 'ஹீ' என்றால் எண் வழுவாது, ஆயின் அவர் பெண்ணாயின் பால் வழுவும். இலக்கணிகள் ஒரு வழுவை நீக்கி மற்றொன்றை ஏற்றனர். ஏற்ற வழுவிற்குப் 'பொதுமை' என்று பெயரிட்டனர்.

சட்டம் காட்டிய உண்மை

அப்பொதுமை மெய்ம்மையானதா என்பதை ஆங்கில நாட்டு வழக்குமன்றமே புலப்படுத்திற்று. சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள் பெண்டிரையும் அடக்கும் என்று பாராளுமன்றம் 1850இல் விதித்தது. 1867இல் வாக்குரிமைச் சீர்திருத்தச் சட்டம் ஆராயப்பட்டபொழுது, அதில் வரும் 'ஆண்மகன்' என்னும் பொருட்சொல்லை 'ஆள்' என்னும் பொதுச்சொல்லாக மாற்றுமாறு ஜான் ஸ்டூவர்ட் மில் திருத்தம் கொணர்ந்தார். அது 73 வாக்குகளே பெற்று 196 வாக்குகளால் வீழ்ந்தது. பின்னர், 1850ஆம் ஆண்டு விதியைத் துணைக்கொண்டு பெண்டிர் வாக்குரிமை கோரினர். 1868இல் சோர்ல்டன் எதிர் லிங்ஸ் என்னும் வழக்கில் மன்றம் அக்கோரிக்கையை மறுத்துவிட்டது.

இலக்கணத்திற் பொதுவாய் நின்ற சொல், உரிமை வழங்கும் இடத்தில் ஆண்பாற்கே உரியதாய்ச் சுருங்கிற்று. ஆண்பாற் பெயரைப் பொதுமைக்கு ஆளுதல் வெறும் இலக்கண எளிமை அன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

புதுச்சொற் படைப்பும் பழவழக்கின் மீட்சியும்

இவ்விடரைப் புதுச்சொல்லால் தீர்க்க முயன்றோரும் உளர். சார்லஸ் கிராசட் கான்வர்ஸ் என்னும் அமெரிக்க வழக்கறிஞர் 'அந்த ஒன்று' எனப் பொருள்படும் இரு சொற்களை இணைத்துத் 'தொன்' என்னும் பெயரைப் படைத்து 1884இல் வெளியிட்டார். வெப்ஸ்டர் பேரகராதியின் 1934ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்ற அச்சொல், 1961ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது. பெயரும் வினையும் புதியன புகுதல் எளிது. சுட்டுப்பெயர் புகுதல் அரிது என்பது இதனாற் பெறப்படும்.

மாறாக, உள்ள சுட்டுப்பெயரின் எண் நெகிழ்தல் ஆங்கிலத்திற்குப் புதிதன்று. முன்னிலைக்கண் 'தௌ' என்னும் ஒருமைப் பெயர் மறைய, 'யூ' என்னும் பன்மைப் பெயரே ஒருவர்க்கும் உரியதாயிற்று. இதனை உண்மைக்கு மாறு எனக் குவேக்கர் சமயத்தார் 17ஆம் நூற்றாண்டில் எதிர்த்தனர். எனினும் வழக்கே வென்றது. இன்றும் 'யூ' ஒருவரைச் சுட்டினும் பன்மை வினையே கொள்ளும்; 'தே' என்பதும் அவ்வாறே. 2019இல் வெளிவந்த அமெரிக்க உளவியற் கழகத்தின் எழுத்துநெறி நூல், ஒருவரைச் சுட்டும் 'தே' வழக்கை ஆய்வுரைகளில் ஏற்றுக்கொண்டது. ஆண், பெண் என்னும் இரண்டனுள் அடங்கோம் என்பார் தம்மைச் சுட்ட இப்பெயரை விரும்பும் புதுவழக்கையும் அந்நூல் தழுவிற்று. முன்னைய வழக்கு அறியப்படாதாரைப் பற்றியது. இஃது அறியப்பட்டாரைப் பற்றியது. இவ்வேறுபாடு ஆராய்வார் மறவாது கொள்ளத்தக்கது.

தொல்காப்பியத்தின் நெறி

தமிழிலும் பால் வேறுபாடு உயர்திணை ஒருமைக்கண் உண்டு, பன்மைக்கண் இல்லை. அமைப்பு ஒத்தமையின் இடரும் ஒக்கும். கிளவியாக்கத்தில் தொல்காப்பியர், பால் ஐயத்திற்குரியதாயின் பன்மையாற் கூறுக என்று விதிக்கின்றார். பெயரியலில் 'ஒருவர்' என்னும் பெயர் இரு பாற்கும் உரியது என்றும், அது பன்மை முடிபு கொள்ளும் என்றும் உரைக்கின்றார். ஒருவரை உயர்த்துக் கூறும் பன்மையையோ, இலக்கண நெறி அன்று, வழக்கின்கண் வந்தது என்று வேறு பிரிக்கின்றார். ஆகவே ஐயப் பன்மையும் உயர்வுப் பன்மையும் வடிவால் ஒன்றாயினும் நெறியால் வேறு.

எண், பால் என்னும் இரண்டும் ஒருங்கு காக்கப்படாவிடத்து எதனை நெகிழ்ப்பது? எண்ணை நெகிழ்க்க என்றார் தொல்காப்பியர். ஆங்கில மக்களும் வழக்கால் அதனையே செய்தனர். இஃது ஒரு மொழியினின்று மற்றொன்று கொண்டதன்று. ஒத்த அமைப்பு தந்த ஒத்த விடை. ஆங்கில இலக்கணிகள் மட்டும் பாலை நெகிழ்த்தனர். எண்ணை நெகிழ்த்தால் இழப்பு யாதும் இல்லை. ஒருவரே என்பதை 'ஒருவர்' என்னும் பெயரே காட்டிவிடும். பாலை நெகிழ்த்தாலோ இரு பாலாருள் ஒரு பாலார் மறைகின்றனர்.

இவ்வாராய்ச்சி நம் துறையார்க்கு நேர்ப்பயனும் உடையது. தமிழ் நூல்களில் வரும் 'ஒருவர்' என்பதனை ஆங்கிலத்திற் பெயர்ப்போர், இலக்கணத் தூய்மை கருதி 'ஹீ' என்று எழுதுவதைக் காண்கின்றோம். அங்ஙனம் எழுதுங்கால், இரு பாற்கும் உரியது என்று நம் முதனூல் வகுத்த சொல் ஒரு பாற்கே உரியதாய்க் குறைகின்றது. அவ்விடத்து 'தே' என்று எழுதுதல் பிழையன்று. மூலத்திற்கு உண்மையாய் நிற்றலே ஆகும்.