மாற்று சர்வர் இருந்தும் நின்ற சந்தை

2021 பிப்ரவரி 24, காலை 11.40 மணி. தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் நின்றது. மும்பைக்கு மாற்றாகச் சென்னையில் ஒரு மையம் இருந்தும் அங்கே மாறவில்லை. இரண்டு நிறுவனங்களிடம் பெற்றிருந்த தொலைத்தொடர்பு இணைப்புகளும் ஒரே நாளில் காலை வாரின. பிற்பகல் 3.45க்குத்தான் வர்த்தகம் மீண்டது. அடுத்த மாதமே சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதியை இறுக்கியது: 30 நிமிடத்துக்குள் ‘பேரிடர்’ என அறிவிக்க வேண்டும், அதிலிருந்து 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்தில் இயங்க வேண்டும்.

மாற்று சர்வர் வாங்குவது எளிது. எப்போது மாறுவது என்று முன்பே முடிவெடுப்பதுதான் கடினம். தானியங்கி ஃபெயில்ஓவர் அந்த முடிவை மென்பொருளிடம் விடுகிறது. லினக்ஸில் பலரும் பயன்படுத்தும் ‘கீப்அலைவ்டி’யை எடுத்துக்கொள்வோம். முதன்மை சர்வர் வழக்கமாக நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சிக்னல் அனுப்பும். மூன்று நொடிக்கு மேல் அது வராவிட்டால், இரண்டாவது சர்வர் பொதுவான ஐபி முகவரியைத் தன்வசம் எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளருக்கு முகவரி மாறாது.

ஆபத்தும் இங்கேதான். சர்வர் சாகாமல், நடுவே உள்ள இணைப்பு மட்டும் அறுந்தால்? இரண்டு சர்வர்களும் தம்மையே முதன்மை என்று எண்ணி, தனித்தனியே தரவு எழுதும். 2018 அக்டோபர் 21இல் மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் இணைப்பு அறுந்தது வெறும் 43 நொடிதான். அதற்குள் தானியங்கி மென்பொருள் அமெரிக்க மேற்குக் கரையின் தரவுத்தளத்தை முதன்மையாக்கிவிட்டது. கிழக்குக் கரையில் எழுதிய சில நொடித் தரவு அங்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை. சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. ஆகவே மூன்றாவதாக ஒரு சாட்சி சர்வர் வேண்டும். பெரும்பான்மை கிடைத்தால்தான் பொறுப்பு மாற வேண்டும். பழைய முதன்மை எழுதவே முடியாதபடி அதன் மின்சாரத்தையோ டிஸ்க் அணுகலையோ துண்டிக்க வேண்டும்.

ஹைதராபாத்தின் அல்வாலில் கிளினிக்கோ பள்ளியோ நடத்துபவர் இரண்டு சர்வர்களையும் ஒரே அறையில், ஒரே ஃபைபரில் வைத்தால் பயன் குறைவு. அமேசானின் ஹைதராபாத் மையம் 2022 நவம்பரிலேயே மூன்று மண்டலங்களோடு வந்துவிட்டது. மாற்று சர்வரை அங்கே வாடகைக்கு எடுக்கலாம். அலுவலக இணையத்துக்கு வெவ்வேறு பாதையில் வரும் இரண்டு இணைப்புகள் இருக்கட்டும்.

2024 மார்ச் 2, சனிக்கிழமை. மாற்று ஏற்பாட்டைச் சோதிக்க, தேசியப் பங்குச் சந்தை காலை 9.15 முதல் 10 வரை முதன்மை மையத்திலும், 11.30 முதல் 12.30 வரை மாற்று மையத்திலும் உண்மையான வர்த்தகத்தையே நடத்தியது. நீங்களும் ஒரு விடுமுறை நாளில், பேக்அப்பை உறுதிசெய்துகொண்டு, முதன்மை சர்வரின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள்.