நுண்ணோக்கிக்கு முன்னால் ஒரு மேசை

"சதையை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கு, ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும்" என்று அறுவை முடிந்ததும் மருத்துவமனையில் சொன்னால், வீட்டார் நினைப்பது நுண்ணோக்கியைத்தான். முடிவு அதன் வழியாகத்தான் வருகிறது என்பது உண்மையே. ஆனால் அந்த நுண்ணோக்கி பார்ப்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி ஸ்லைடில் ஒட்டும் திசுச் சீவலின் தடிமன் ஏறக்குறைய 4 மைக்ரான். அந்தச் சீவலை எடுத்த துண்டின் தடிமன் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். தேர்ந்து வைத்த துண்டிலேயே ஆயிரத்தில் ஒரு பங்குதான் கண்ணாடிக்கு வருகிறது. அந்தத் துண்டோ, முழுதாக எடுத்த ஒரு மார்பகத்திலிருந்தோ ஒரு முழக் குடலிலிருந்தோ பொறுக்கிய சிறு பகுதி. எந்தப் பகுதியைப் பொறுக்குவது என்று தீர்மானிப்பவை வெறும் கண், விரல், ஒரு கத்தி, ஒரு ஸ்கேல். ஆய்வகத்தார் இந்த வேலையைக் 'கிராசிங்' என்பார்கள். இங்கே தவறவிட்டதை எத்தனை விலை கொடுத்து வாங்கிய நுண்ணோக்கியும் கண்டுபிடித்துத் தராது. புற்றுநோய்க்குப் புதுப்புதுக் கருவிகள் வேண்டும் என்று கேட்கும் நாம், திருப்பூர் போன்ற மாவட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது இந்த மேசையைப் பற்றித்தான் என்பது என் வாதம்.

மார்பகப் புற்றுநோய்க்காக எடுத்த திசு மேசைக்கு வருகிறது என்று கொள்வோம். முதலில் டப்பாவில் உள்ள பெயரும் எண்ணும் படிவத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள். பிறகு, அறுவை மருத்துவர் போட்டு அனுப்பிய நூல்களைத் தேடுகிறார்கள். குட்டை நூல் மேல்பக்கம், நீள நூல் வெளிப்பக்கம் என்பது பல இடங்களில் வழக்கம். அந்த நூல் இல்லையென்றால், உடலை விட்டு வந்த சதைக்கு மேல் கீழ் கிடையாது. விளிம்பில் நோய் இருக்கிறது என்று தெரிந்தாலும் எந்த விளிம்பு என்று சொல்ல முடியாது. எடை, நீள அகலம் குறித்த பின் வெளிப்பரப்பு முழுவதும் மை பூசுகிறார்கள். அந்த மை கடைசிவரை அழியாமல் நிற்கும். புற்றுத் திசு மையைத் தொடுகிறதா, தள்ளி நிற்கிறதா என்பதை வைத்துத்தான் கட்டி முழுதாக வெளியே வந்ததா என்று பின்னால் சொல்ல முடிகிறது. அப்புறம்தான் கத்தி. அரை முதல் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வரிசையாக அரிந்து, ஒவ்வொரு அரிவையும் பார்த்து, விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். சுற்றியுள்ள கொழுப்பு மஞ்சளாய் மெத்தென்று இருக்க, புற்றுக்கட்டி பெரும்பாலும் வெளிறி, கெட்டியாய், கத்திக்கு நறநறவென்று படும். கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஒரு நிலை, 5 வரை இன்னொரு நிலை, அதற்கு மேல் மற்றொன்று. கட்டியின் அந்த நிலையைப் பெரும்பாலும் ஒரு சாதாரண ஸ்கேல்தான் சொல்கிறது.

இதைவிடக் கடினமானது அக்குள் கொழுப்புக்குள் நிணநீர்க் கணுக்களைத் தேடுவது. சில கணுக்கள் மொச்சை அளவு இருக்கும், சில எள் அளவு. மூன்று கணு வரை நோய் பரவியிருந்தால் ஒரு கட்டம், நான்கு என்றால் அடுத்த கட்டம். கதிர் சிகிச்சை பற்றிய முடிவே அதில் மாறக்கூடும். அவசரத்தில் ஐந்து கணுக்களை மட்டும் எடுத்து நிறுத்திவிட்டால், "குறைவாகப் பரவியிருக்கிறது" என்று அறிக்கை நல்ல சேதி சொல்லும். குறைந்தது நோயல்ல, தேடிய நேரம். பெருங்குடல் புற்றுநோயில் குறைந்தது 12 கணுக்களாவது பார்க்க வேண்டும் என்று உலக அளவில் விதி வைத்திருப்பது இதனால்தான்.

திருப்பூர்க்காரருக்கு ஒன்றைச் சொன்னால் இது சட்டென்று புரியும். துணியின் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்க்க, வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி எடைபோட்டு நூறால் பெருக்குகிறோம். ஒரு ரோலுக்கு அந்தச் சிறு வட்டம் போதுகிறது. ஏனென்றால் ஒரே மெஷின், ஒரே நூல், ஒரே லூப் நீளம். உடம்புக்குள் வளரும் கட்டி அப்படி இல்லை. ஒரே கட்டியில் ஒரு பக்கம் அழுகிச் செத்திருக்கும், ஒரு பக்கம் சாதுவாக இருக்கும், இன்னொரு பக்கம்தான் ரத்தக்குழாய்க்குள் நுழைந்துகொண்டிருக்கும். எந்த இடத்தில் வெட்டினாலும் ஒன்றுதான் என்ற உறுதி துணியில் உண்டு, சதையில் இல்லை. ஆகவே சாம்பிள் எடுப்பவரின் கண்ணுக்கு இங்கே பல மடங்கு பொறுப்பு.

இந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு 1986-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு ஒன்று போதும். மலக்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு இடுப்புக்குள் நோய் ஏன் திரும்புகிறது என்பது அப்போது புதிராக இருந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பில் குவிர்க்கும் உடன் பணியாற்றியவர்களும் 52 நோயாளிகளின் குடல்களைக் குறுக்குவாட்டில், முழு வட்டமாக அரிந்து பார்த்தார்கள். 14 பேருக்கு, அதாவது 27 விழுக்காட்டினருக்கு, பக்கவாட்டு விளிம்புவரை நோய் எட்டியிருந்தது. அந்த 14 பேரில் 12 பேருக்கு நோய் திரும்பியது. புது மருந்தோ புதுக் கருவியோ அங்கே இல்லை. அரியும் திசையை மாற்றினார்கள். அதன் பின் மலக்குடல் அறுவையைச் செய்யும் முறையே உலகெங்கும் கறாரானது.

வெறும் கண்ணால் பார்ப்பதன் மதிப்புக்கு நம் மண்ணிலும் ஒரு பழைய சான்று உண்டு. முள் குத்திய கால் வீங்கிப் புடைத்து, துளை துளையாகச் சீழ் வடியும் நோயை 1842-இல் மதுரையில் ஜான் கில் என்ற மருத்துவர் குறித்துவைத்தார். 'மதுரைக் கால்' என்ற பெயர் அப்படித்தான் உலக மருத்துவ நூல்களில் ஏறியது. பின்னர் பம்பாயில் ஹென்றி வான்டைக் கார்ட்டர் இந்த நோயை விரிவாக ஆராய்ந்து, பூஞ்சையே காரணம் என்று வாதிட்டு 1874-இல் தனி நூலே எழுதினார். 'கிரேயின் உடற்கூறியல்' நூலுக்குப் படம் வரைந்தவரும் இவர்தான். பார்ப்பதில் பயிற்சி பெற்ற கண். இந்த நோயில் சீழோடு வரும், வெறும் கண்ணுக்கே தெரியும் மணிகளின் நிறம் இன்றும் வழிகாட்டுகிறது. கறுப்பு மணி என்றால் பூஞ்சை, சிவப்பு என்றால் பாக்டீரியா. இரண்டுக்கும் மருந்து வேறு.

இனி திருப்பூருக்கு வருவோம். பல்லடம், காங்கேயம், தாராபுரம், உடுமலைப்பேட்டை என்று சிறு மருத்துவமனைகள் நிறைந்த மாவட்டம் இது. அறுவை ஓரிடத்தில், ஆய்வகம் வேறிடத்தில் என்பது இத்தகைய இடங்களில் சகஜம். நடுவில் இருக்கும் அந்த மணிநேரங்கள்தான் ஆபத்தானவை. வெளியே எடுத்த சதை அப்போதே அழுகத் தொடங்குகிறது. அதைத் தடுப்பது ஃபார்மலின், அதாவது நீரில் கரைத்த ஃபார்மால்டிஹைடு. ஆடை ஏற்றுமதியாளர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம்: தோலில் படும் ஆடையில் கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, குழந்தை ஆடையில் இருக்கவே கூடாது என்று ஓகோ-டெக்ஸ் சான்றிதழ் கேட்கும் அதே பொருள். துணியில் இருக்கக் கூடாத இது, திசு டப்பாவில் தாராளமாக இருக்க வேண்டும். சதையின் அளவைப் போலப் பத்து மடங்கு. ஆனால் அது மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். முழு மார்பகத்தைச் சின்ன டப்பாவில் திணித்து, கொஞ்சம் ஃபார்மலின் ஊற்றி, சனிக்கிழமை மாலை அனுப்பினால், திங்கட்கிழமை மேசைக்கு வருவது வெளியே பதமாகி உள்ளே கெட்டுப்போன சதை. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும் என்று மார்பகப் புற்றுநோய்க்கு நெறிமுறையே உண்டு. அது தவறினால் ஹார்மோன் ஏற்பிச் சோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டலாம். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டு உயிரைக் காத்துக்கொள்ள வேண்டிய மாத்திரை ஒரு பெண்ணுக்கு எழுதப்படாமலே போகலாம். திருப்பூரின் பனியன் தொழிலில் பெண்கள் எத்தனை பேர் என்று நினைத்தால், ஒரு பெரிய டப்பாவுக்கும் சில லிட்டர் ஃபார்மலினுக்கும் கணக்குப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எடுத்த ஒவ்வொன்றையும் ஆய்வுக்கு அனுப்பினால் ஏழைக்குச் செலவு ஏறாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கல்லுக்காக எடுக்கும் பித்தப்பையை எடுத்துக்கொண்டால், அதில் புற்றுநோய் கங்கைச் சமவெளியில்தான் மிகுதி, தெற்கே குறைவு. தேர்ந்தெடுத்து அனுப்பினால் போதும் என்று வெளிநாடுகளில் வாதிடுவோரும் உள்ளனர். ஆனால் அவர்களும் ஒரு நிபந்தனை வைக்கிறார்கள்: பையை நீளவாக்கில் திறந்து, உட்பரப்பைப் பார்த்து, தடித்த இடம் உண்டா என்று தடவிய பிறகே விட வேண்டும். அதுவும் கிராசிங்தான். திறக்காமலே மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்புவதற்கு அந்த வாதம் இடம் தரவில்லை.

கணினியே ஸ்லைடு படிக்கும் காலம் இது என்பவர்களுக்குப் பதில் சுருக்கமானது: ஸ்லைடில் ஏறாததை அது படிக்காது. இருக்கும் மருத்துவர்களுக்கு நேரம் எங்கே என்ற கேள்விதான் உண்மையில் கனமானது. அமெரிக்காவில் இதற்கென்றே பயிற்சி பெற்ற உதவியாளர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் ஆய்வக விஞ்ஞானிகளைப் பழக்குகிறார்கள். 2022 ஜனவரி 12-இல் தமிழ்நாட்டில் திறந்த 11 மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூரும் ஒன்று. அப்படியொரு கல்லூரி, சுற்றுவட்டச் சிறு மருத்துவமனைகளின் அறுவை அரங்கச் செவிலியர்களுக்கு நூல் போடும் முறை, டப்பா அளவு, படிவம் நிரப்புவது ஆகியவற்றை ஒரே நாளில் சொல்லிக்கொடுக்க முடியும்.

நோயாளியின் வீட்டாரும் அறிக்கையில் 'கிராஸ்' என்ற பத்தியைப் பார்க்கலாம். கட்டி எத்தனை சென்டிமீட்டர், விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை கணுக்கள் கிடைத்தன என்பவை அங்கே இருக்க வேண்டும். சீவல் எடுத்த துண்டுகளை, அதாவது பிளாக்குகளை, ஆய்வகம் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும். அதுவரை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ வேறிடத்திலோ மறுகருத்துக் கேட்கலாம். ஆனால் டப்பாவில் மிஞ்சிய திசுவை அறிக்கை கொடுத்தபின் சில வாரங்களே வைத்திருப்பார்கள். கணு எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தாலோ அளவு விட்டுப்போயிருந்தாலோ, மீதித் திசுவை மறுபடி பார்க்க முடியுமா என்று அறிக்கை வந்த அந்த வாரமே அறுவை மருத்துவர் மூலம் கேட்க வேண்டும்.